உப்புக்காற்று வீசும் ஊரில் துணை டி.பி. பெட்டி: முதன்முறை கைவைப்பவருக்கு

தொண்டியில் தொடங்கித் தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை, வாலிநோக்கம் என்று மூக்கையூர் வரை நீளும் எங்கள் கடற்கரையில், பல வீடுகளுக்குப் பின்னால் தனியாக ஓர் அறையோ கொட்டகையோ இருக்கும். வலை வைப்பதற்காகக் கட்டிய கொட்டகையில் முதலில் ஒரு பல்பு எரியும். பிறகு மீன் வைக்க ஒரு ஃப்ரீசர் வரும். வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன் விடுமுறைக்கு வரும்போது பக்கத்தில் ஓர் அறை எழும்பி அதில் ஏ.சி.யும் மாட்டப்படும். இத்தனைக்கும் மின்சாரம் போவது சமையலறைப் பிளக்கிலிருந்து இழுத்த ஒரே ஒயரில் என்றால், ஏ.சி. ஓடும் நேரத்தில் அந்த ஒயரைத் தொட்டாலே சூடு தெரியும். அந்த நிலைக்கு வந்த வீட்டுக்குத் தேவைப்படுவதுதான் துணை டி.பி. (டிஸ்ட்ரிபியூஷன் போர்டு). மெயின் போர்டில் தனக்கென ஒதுக்கிய எம்.சி.பி. (அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்) வழியாகத் தனிக் கேபிளில் மின்சாரம் பெற்று, அதைப் பின்கட்டடத்துக்குள் விளக்கு, பிளக், ஏ.சி., மோட்டார் என்று பிரித்துக் கொடுக்கும் இரண்டாவது பெட்டி அது.

நான் மின்தொழில் படித்தவன் அல்லன். பெரியபட்டினத்துக்கு அருகே எங்கள் வீட்டுக் கொல்லையில் இந்த வேலையை முதன்முறையாகச் செய்தபோது, உரிமம் பெற்ற வயர்மேன் ஒருவரை உடன் வைத்துக்கொண்டுதான் செய்தேன். அதற்கு மரியாதை மட்டும் காரணம் அன்று. சட்டமும் அதையே சொல்கிறது. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகளின்படி, பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை மாற்றுவதைத் தவிர, புதிதாக ஒயரிங் சேர்ப்பதும் மாற்றுவதும் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரால், தகுதிச் சான்றிதழ் உள்ளவரின் நேரடி மேற்பார்வையில் செய்யப்பட வேண்டும். ஆகவே வேலையை இப்படிப் பங்கிட்டுக்கொள்வது நல்லது: லோடு கணக்குப் போடுவது, இடம் பார்ப்பது, குழி தோண்டுவது, பைப் பதிப்பது, பெட்டியைச் சுவரில் பொருத்துவது ஆகியவை உங்கள் கைவேலை, முனைகளை முடுக்குவதை அவர் கண்முன்னே செய்யுங்கள், மெயின் போர்டில் இணைப்பதும், அளவு பார்ப்பதும், முதன்முறை மின்சாரம் கொடுப்பதும் அவர் கைக்கு உரியவை. மின்வாரிய மீட்டரையும் அதற்கு முன்னால் உள்ள சர்வீஸ் ஒயரையும் நீங்களும் தொடக்கூடாது, அவரும் தொடக்கூடாது. அது மின்வாரியத்தின் பகுதி.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். இணையத்தில் கிடைக்கும் துணைப் பெட்டிக் காணொளிகளில் பெரும்பாலானவை அமெரிக்க வீடுகளைப் பற்றியவை. அங்கே 120 வோல்ட் கொண்ட இரண்டு ஃபேஸ் முனைகள் வருகின்றன. நம் வீட்டில் 230 வோல்ட் கொண்ட ஒரு ஃபேஸும் ஒரு நியூட்ரலும் வருகின்றன. நிறங்களும் வேறு. நம் ஊரில் சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். மூன்று ஃபேஸ் உள்ள வீட்டில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றுமே உயிருள்ள ஒயர்கள். ஆனால் ஏ.சி. அல்லது வெளிநாட்டு இயந்திரத்தின் பிளக் ஒயரை அறுத்துப் பார்த்தால் பழுப்பு நிறம் ஃபேஸாகவும் நீலம் நியூட்ரலாகவும் இருக்கும். ஒரே நீல நிறம் ஓரிடத்தில் ஆளைக் கொல்லும் ஒயர், இன்னோரிடத்தில் நியூட்ரல். எனவே நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்த பிறகே ஒயருக்குப் பெயர் வையுங்கள்.

எது எதைக் காக்கிறது

பெட்டிக்குள் வரிசையாக நிற்கும் எம்.சி.பி.கள் நம்மைக் காப்பதாகவே பலரும் நினைக்கிறார்கள். அவை காப்பது ஒயரை. அளவுக்கு மேல் லோடு ஏறினாலும், ஃபேஸும் நியூட்ரலும் ஷார்ட் ஆனாலும், ஒயர் எரிவதற்கு முன் எம்.சி.பி. விழுந்துவிடும். ஆனால் மனித உடல் வழியாக 50 மில்லி ஆம்பியர் பாய்வதே உயிருக்கு ஆபத்தானது. 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது ஒரு தூசு.

எர்த் போட்டிருந்தால் போதாதா என்ற கேள்விக்கு ஒரு சின்னக் கணக்கு பதில் சொல்லும். நம் ஊர்ப்புற வீடுகளில் எர்த் என்பது பெரும்பாலும் நாமே தோண்டிய குழிதான். அந்தக் குழி வழியாக மண்ணில் இறங்கி டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்பும் பாதையின் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரின் ஃபேஸ் அதன் இரும்பு உடலில் பட்டுவிட்டால், 230-ஐ 20-ஆல் வகுக்கக் கிடைக்கும் 11.5 ஆம்பியர் மட்டுமே பாயும். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதைச் சாதாரண லோடு என்று எண்ணிக்கொண்டு அப்படியே நிற்கும். மோட்டாரின் உடலும் உயிருடன் நிற்கும். இங்கேதான் ஆர்.சி.சி.பி. என்ற கசிவுத் துண்டிப்பான் வேண்டியிருக்கிறது. ஃபேஸில் போகும் மின்சாரமும் நியூட்ரலில் திரும்பும் மின்சாரமும் சமமா என்பதை மட்டுமே அது பார்த்துக்கொண்டிருக்கும். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டினால் ஒரு நொடியின் மூன்றில் ஒரு பங்குக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். கசிவு இன்னும் பெரிதானால் அதைவிட விரைவாகத் துண்டிக்கும். எர்த் நன்றாக இருந்தால், ஆள் தொடுவதற்கு முன்பே, கசிவு ஏற்பட்ட அந்தக் கணத்திலேயே அது விழுந்துவிடும். எர்த் இல்லையென்றால், கசிவு பாய்வதற்கு வழியாக ஒரு மனித உடல் வந்து சேரும் வரை அது காத்திருக்கும்.

ஃபேஸோ நியூட்ரலோ அறுந்தால் விளக்கு அணைந்து நமக்குத் தெரிந்துவிடும். எர்த் அறுந்தால் எதுவும் மாறாது. ஃபேன் சுற்றும், ஏ.சி. குளிரும், எல்லாம் நன்றாக இருப்பது போலவே தோன்றும். எங்கள் வயர்மேன் அண்ணன் குழி மேட்டில் குந்தியபடி சொன்னதை நான் மறக்கவில்லை: “தம்பி, லைட்டு எரியலைன்னா உடனே எனக்கு போன் அடிப்பீங்க. எர்த்து போச்சுன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் போன் அடிச்சதில்ல.” இந்தக் கரையில் உப்பு முதலில் தின்பது அந்த எர்த் இணைப்பைத்தான்.

லோடு கணக்கும் ஒயரும்

எங்கள் பின்கட்டடத்துக்கு நான் போட்ட கணக்கு இது: 10 வாட் விளக்குகள் எட்டு, 75 வாட் ஃபேன்கள் இரண்டு, ஃப்ரீசர் 200 வாட், ஒன்றரை டன் ஏ.சி. சுமார் 1,700 வாட், 1 எச்.பி. மோட்டார் சுமார் 1,100 வாட், சிறு பிளக்குகளுக்காக 500 வாட். மொத்தம் 3,730 வாட். 230-ஆல் வகுத்தால் 16 ஆம்பியருக்குச் சற்று மேல், மோட்டாரும் ஏ.சி.யும் இருப்பதால் 20 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டோம். மோட்டார் கிளம்பும்போது சில கணங்கள் பல மடங்கு இழுக்கும். அதனால் மெயின் போர்டில் 25 ஆம்பியர், சி வகை, ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிக்கும் இரட்டை முனை எம்.சி.பி. வைத்தோம். வேலையைத் தொடங்குமுன், உங்கள் இணைப்புக்கு மின்வாரியம் அனுமதித்துள்ள லோடு எவ்வளவு என்பதைப் பார்த்து, அதைத் தாண்டுமானால் கூடுதல் லோடுக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

இரண்டு கட்டடங்களுக்கும் இடையே 25 மீட்டர். 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளில் 20 ஆம்பியர் பாய்ந்தால், போகும் வழியும் வரும் வழியும் சேர்ந்து, கேபிள் சூடேறிய நிலையில் கிட்டத்தட்ட 6 வோல்ட் இறங்கும். 6 சதுர மில்லிமீட்டரில் 4 வோல்ட் இறங்கும். கோடை மாலையில் ஏற்கெனவே வோல்டேஜ் இறங்கியிருக்கும் தெருக்களில் இந்த 2 வோல்ட்டும் மோட்டாருக்குப் பெரிதுதான். வெயில் கொளுத்தும் ஊரில் கேபிளின் தாங்கும் திறனும் குறையும் என்பதால் 6 சதுர மில்லிமீட்டரைத் தேர்ந்தோம். பெட்டிக்குள்ளிருந்து கிளம்பும் ஒயர்களில் விளக்குகளுக்கு 1.5, பிளக்குகளுக்கும் மோட்டாருக்கும் ஃப்ரீசருக்கும் 2.5, ஏ.சி.க்கு 4. கடையில் சில மூத்தவர்கள் இன்றும் 3/20, 7/20 என்று கேட்பார்கள். 20 கேஜ் இழைகள் மூன்று, ஏழு என்பதே அதன் பொருள். 7/20 என்பது இன்றைய 4 சதுர மில்லிமீட்டருக்கு அருகில் வரும்.

கேபிள் மண்ணுக்குள் போவதாக இருந்தால், சுவரில் பைப்புக்குள் இழுக்கும் சாதாரண ஒயரைப் புதைக்காதீர்கள். மூன்று கோர் கொண்ட, மேலே கவசக் கம்பி சுற்றிய செம்புக் கேபிளை 75 சென்டிமீட்டர் ஆழத்தில் பதித்து, மேலே மணல் பரப்பி, செங்கல் வரிசை வைத்து மூடுங்கள். நாளைக்குத் தென்னங்கன்று வைக்கக் கடப்பாரை போடுபவருக்கு அந்தச் செங்கல்தான் எச்சரிக்கை. எங்கள் மணலில் சில இடங்களில் ஒரு முழம் தோண்டினாலே உவர்நீர் ஊறும். அங்கே கவசக் கம்பி விரைவில் துருப்பிடிக்கும் என்பதால், கேபிளைத் தடித்த எச்.டி.பி.ஈ. பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டுப் பதித்தோம். மூன்றாவது கோர் எர்த்துக்கு. கவசத்தையும் இரு முனைகளிலும் கிளாண்ட் (கேபிளைப் பெட்டியோடு பிடிக்கும் உலோகக் கவ்வி) வழியே எர்த்தோடு சேர்க்க வேண்டும். ஆனால் கவசம் மட்டுமே எர்த்தாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று இந்தக் கரையில் விடக்கூடாது.

பெட்டியும் அதன் இடமும்

1914-இல் திறந்த பாம்பன் பழைய ரயில் பாலத்தை எவ்வளவோ பராமரித்தும், இரும்பில் ஏறிய துருவின் காரணமாக 2022 டிசம்பரில் அதில் ரயில் ஓடுவது நின்றுபோனது. 2025 ஏப்ரலில்தான் புதுப் பாலம் திறந்தது. அந்தப் பாலத்தின் இரும்பையே தின்ற காற்று, ஒரு மில்லிமீட்டர்த் தகட்டில் செய்த டி.பி. பெட்டியை எத்தனை காலம் விட்டுவைக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பெயின்ட் அடித்த தகட்டுப் பெட்டியில் திருகு துளைக்கும் இடத்தில்தான் முதலில் பூச்சு உடையும். துரு அங்கிருந்தே பரவும். பாலிகார்பனேட் பெட்டிக்குச் சற்று விலை கூடுதல். எங்கள் ஊரில் அந்தக் கூடுதல் விலையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. திருகுகள் துருப்பிடிக்காத எஃகில், 316 தரத்தில் இருக்கட்டும்.

பெட்டியைக் கட்டடத்துக்குள்ளேயே வையுங்கள். வடகடலைப் பார்த்த ஊர்களில் வாடைக்காற்று நேரே அடிக்கும் சுவரையும், தென்கடலைப் பார்த்த ஊர்களில் சோளகம் அடிக்கும் சுவரையும் தவிர்த்து, உட்புறச் சுவரைத் தேர்ந்தெடுங்கள். புயல் நேரத்தில் கொல்லைக்குள் தண்ணீர் வந்திருந்தால் அந்தக் கோட்டுக்கு மேலே, கண் மட்டத்தில் பொருத்துங்கள். கேபிள் கீழ்ப்பக்கமாக நுழையட்டும். நுழைவதற்கு முன் அதைத் தொங்கல் போலக் கீழே வளைத்து மேலேற்றினால், கேபிள் வழியாக வரும் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். பயன்படுத்தாத துளை ஒவ்வொன்றையும் மூடுங்கள். பல்லி உள்ளே புகுந்து ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே கிடந்து கருகியதை நான் பார்த்திருக்கிறேன்.

12 வழிப் பெட்டி, அதாவது எம்.சி.பி. அமரும் இடங்கள் 12 கொண்டது, போதும். பெட்டி முழுவதையும் அணைக்கும் சுவிட்சான ஐசொலேட்டருக்கு இரண்டு வழி, ஆர்.சி.சி.பி.க்கு இரண்டு வழி, பிறகு விளக்குக்கு 6 ஆம்பியர், பிளக்குக்கு 16, ஃப்ரீசருக்கு 10, ஏ.சி.க்கு 20, மோட்டாருக்கு 16 என்று ஐந்து எம்.சி.பி.கள், மூன்று வழி காலியாக இருக்கும், நாளை தேவைப்படும். ஆர்.சி.சி.பி. 40 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர், ஏ வகை என்று கேட்டு வாங்குங்கள். இன்வெர்ட்டர் ஏ.சி., வாஷிங் மெஷின் போன்ற மின்னணுச் சாதனங்களில் ஏற்படும் கசிவைப் பழைய ‘ஏ.சி. வகை’ (இங்கே குளிர்சாதனம் என்ற பொருளில் அன்று) ஆர்.சி.சி.பி. சரியாக உணராமல் போகலாம். ஏற்கெனவே மெயின் போர்டிலும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால், கொல்லையில் ஒரு கசிவு ஏற்படும்போது வீடு முழுவதும் இருளலாம். மெயினில் உள்ளதை 100 மில்லி ஆம்பியர், சற்றுத் தாமதித்து விழும் எஸ் வகையாக மாற்றிக்கொண்டு, வீட்டுக்குள் இருக்கும் சர்க்யூட்டுகளுக்குத் தனியாக 30 மில்லி ஆம்பியர் ஒன்று வைப்பது சரியான தீர்வு. மீன் வியாபாரம் செய்பவர்கள் ஃப்ரீசருக்கு மட்டும் தனி ஆர்.சி.பி.ஓ. (எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் ஒன்றாய்ச் சேர்ந்தது) வைப்பது பற்றி வயர்மேனிடம் கேளுங்கள். மோட்டார்க் கசிவால் ஃப்ரீசர் நின்று இரவோடு இரவாகச் சரக்குக் கெடுவது தவிரும்.

மின்சாரம் இல்லை என்று உறுதி செய்தல்

மெயினை அணைத்தவுடன் வேலையைத் தொடங்காதீர்கள். ஃபியூஸ் கட்டைகள் இருந்தால் அவற்றைக் கழற்றி உங்கள் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், எம்.சி.பி. என்றால் பூட்டுங்கள், அல்லது டேப் ஒட்டி “வேலை நடக்கிறது” என்று எழுதுங்கள். வீட்டில் உள்ள ஒவ்வொருவரிடமும் வாயாலும் சொல்லுங்கள். அடுத்தது இன்வெர்ட்டர். மெயின் அணைந்த மறுநொடி இன்வெர்ட்டர் விழித்துக்கொள்ளும்; செத்துவிட்டதாக நீங்கள் நினைத்த ஒயரில் அது மீண்டும் 230 வோல்ட்டை ஊற்றும். இன்வெர்ட்டரை அணைத்து, அதன் வெளிமுனையையும் கழற்றிவிடுங்கள். ஜெனரேட்டரோ சோலாரோ இருந்தால் அவற்றையும் பிரித்துவிட வேண்டும்.

பிறகு மல்டிமீட்டர். முதலில் மின்சாரம் இருப்பது உறுதியான ஓரிடத்தில் வைத்து மீட்டர் வேலை செய்கிறதா என்று பாருங்கள். அடுத்து வேலை செய்யப்போகும் முனைகளில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும், ஃபேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே பாருங்கள். கடைசியாக மீண்டும் முதல் இடத்துக்குப் போய், மீட்டர் நடுவில் கெட்டுப்போகவில்லை என்று உறுதி செய்யுங்கள். திருகாணி டெஸ்டரில் விளக்கு எரியவில்லை என்பதை மட்டும் நம்பி ஒயரைத் தொடக்கூடாது.

முனை முடுக்குதல்

பொறுமை அதிகம் தேவைப்படும் பகுதி இதுதான். முனையின் ஆழத்துக்கு ஏற்ப, ஏறக்குறைய 10 முதல் 12 மில்லிமீட்டர் வரை மேலுறையை உரியுங்கள். பிளேடால் சுற்றி வெட்டினால் இழைகளில் கீறல் விழும், கீறிய இழை பிறகு முறியும். அதற்கென உள்ள உரிப்பானையே பயன்படுத்துங்கள். உரித்த செம்பு புதுப் பத்துரூபாய்க் காசின் ஓரத்தைப் போல மின்ன வேண்டும். வாங்கி இரண்டு ஆண்டு கொட்டகையில் கிடந்த ஒயர்ச் சுருளை உரித்துப் பார்த்தால், உறைக்கு உள்ளேயே செம்பு கறுத்தோ பச்சைக் களிம்பு பூத்தோ இருக்கும். களிம்பு வழியாக மின்சாரம் சரியாகப் பாயாது; அந்த இடம் சூடேறும். கறுத்த பகுதியை வெட்டிவிட்டு நல்ல செம்பு வரும் வரை போங்கள். வரவில்லை என்றால் அந்தச் சுருளையே ஒதுக்கிவிடுங்கள்.

மெல்லிய இழைகள் கொண்ட ஒயராக இருந்தால், வெள்ளீயம் பூசிய செம்புப் பின் லக்கை (ஒயர் நுனியில் மாட்டும் சிறு முனை) மாட்டி, கிரிம்பிங் கருவியால் அழுத்துங்கள். கட்டிங் பிளேயரால் நசுக்குவது கிரிம்பிங் ஆகாது. லக்கை முனைக்குள் முழுவதும் செலுத்தி, திருகை முடுக்கியபின், ஒயரைப் பிடித்துச் சற்று வலுவாக இழுத்துப் பாருங்கள், அசையக்கூடாது. முனைக்கு வெளியே செம்பு தெரிந்தால் ஆபத்து. முனைக்குள் உறையும் சேர்ந்து நசுங்கியிருந்தால் அதுவும் ஆபத்துதான், ஏனென்றால் திருகு இறுகியதுபோல் தோன்றினாலும் பிடித்திருப்பது பிளாஸ்டிக்கை. ஒரு முனையில் ஒரு ஒயர் மட்டும் போகட்டும். எம்.சி.பி.யிலிருந்து எம்.சி.பி.க்குத் துண்டு ஒயர்களால் தாவவிடாமல், அளவாக வெட்டிய பஸ்பாரை (செம்புப் பட்டை) போடுங்கள். எவ்வளவு இறுக்கம் வேண்டும் என்பது எம்.சி.பி.யின் பக்கத்திலோ அட்டையிலோ நியூட்டன் மீட்டரில் எழுதியிருக்கும். அளவு காட்டும் திருப்புளி வயர்மேனிடம் இருந்தால் கேட்டு வாங்கிப் பயன்படுத்துங்கள். முழு பலத்தையும் போட்டு முடுக்கினால் திருகின் மரை போய்விடும்.

கறுப்பையும் பச்சையையும் சேர்க்காதீர்கள்

பெட்டிக்குள் இரண்டு பித்தளைப் பட்டைகள் இருக்கும்: ஒன்று நியூட்ரல் லிங்க், மற்றது எர்த் லிங்க். இரண்டும் துணைப் பெட்டிக்குள் எங்குமே ஒன்றையொன்று தொடக்கூடாது.

எங்கள் பழைய போர்டில், முன்பு வேலை பார்த்த ஒருவர் மோட்டாரின் எர்த் ஒயரை நியூட்ரல் லிங்கில் சேர்த்து முடுக்கியிருந்தார். ஆண்டுக்கணக்கில் எந்தக் குறையும் தெரியவில்லை. ஓர் ஐப்பசி மழையில் கம்பத்திலிருந்து வரும் நியூட்ரல் தளர்ந்தது. விளக்குகள் அணைந்தன. ஃபேஸ் மட்டும் வீட்டுக்குள் வந்துகொண்டே இருந்தது. அது பல்புகள், ஃபேன்கள் வழியாக நியூட்ரல் லிங்குக்கு வந்து, திரும்பிப் போக வழியில்லாமல், சேர்த்துக் கட்டிய எர்த் ஒயர் வழியே மோட்டாரின் இரும்பு உடலுக்குப் போய் நின்றது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்து மோட்டார்ப் பைப்பைத் தொட்ட என் அம்மாவுக்கு ஷாக் அடித்தது. காலில் ரப்பர்ச் செருப்பு இருந்ததால் கையை உதறிக்கொண்டு விலக முடிந்தது. அன்று முதல் எந்தப் பெட்டியைத் திறந்தாலும் நான் முதலில் பார்ப்பது இந்த இரண்டு பட்டைகளைத்தான்.

ஆர்.சி.சி.பி. இருக்கும் பெட்டியில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. ஆர்.சி.சி.பி.யின் வெளிமுனையிலிருந்து வரும் நியூட்ரலையே நியூட்ரல் லிங்குக்குக் கொடுத்து, இந்தப் பெட்டியின் ஐந்து சர்க்யூட்டுகளின் நியூட்ரலும் அங்கேயே வந்து சேர வேண்டும். ஒரு விளக்கின் நியூட்ரலை இந்த ஆர்.சி.சி.பி. வழியாக வராத வேறு சர்க்யூட்டிலிருந்து எடுத்தால், அந்த சுவிட்சைப் போட்ட கணமே ஆர்.சி.சி.பி. விழும். இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரல் கலந்தாலும் இதே கதைதான். அப்படி விழும்போது “இது சும்மா சும்மா விழுகிறது” என்று அதை பைபாஸ் செய்துவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. தயவுசெய்து அதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். எம்.சி.பி.களை எல்லாம் இறக்கிவிட்டு ஒவ்வொன்றாக ஏற்றினால் எந்த சர்க்யூட்டில் சிக்கல் என்று தெரிந்துவிடும். இந்தப் பெட்டியின் ஒற்றை முனை எம்.சி.பி. ஃபேஸை மட்டுமே துண்டிப்பதால், எல்லாவற்றையும் இறக்கியும் விழுந்தால் நியூட்ரல் ஒயர்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். அதை மெயினை அணைத்துவிட்டுச் செய்யுங்கள்.

எர்த் குழி

பின்கட்டடத்துக்கு அருகிலேயே, சுவரிலிருந்து குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளி, தனிக் குழி ஒன்று போடுங்கள். கேபிளில் வரும் எர்த்தும் இந்தக் குழியின் எர்த்தும் துணைப் பெட்டியின் எர்த் லிங்கில் சேரட்டும். கரியும் உப்பும் மாறி மாறிப் போட்டு ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் இறக்குவது பழைய முறை. உள்நாட்டுக் கரிசலுக்கு அது பொருந்தலாம். நம் மண்ணில் உப்புக்குக் குறைவே இல்லை. மேலும் உப்பைக் கொட்டுவது பைப் அரித்துப்போவதை விரைவுபடுத்தும் வேலை. செம்பு பூசிய தடியை, பென்டோனைட் (ஈரத்தைப் பிடித்துவைக்கும் களிமண்) கலந்த நிரப்பு மண்ணோடு, ஈரம் எட்டும் ஆழம் வரை இறக்குங்கள். மேல்மணல் காய்ந்து கிடக்கும். காய்ந்த மணல் மின்சாரத்தைக் கடத்தாது.

குழியின் தலையில் தடியும் எர்த் ஒயரும் சேரும் இணைப்புதான் முதலில் சாகும். செம்பையும் துத்தநாகம் பூசிய இரும்பையும் உப்பு ஈரத்தில் நேரடியாகச் சேர்த்தால், துத்தநாகம் தன்னைக் கொடுத்துச் செம்பைக் காக்கும். அது தீர்ந்தபின் இரும்பு அரிக்கும். தடிக்கும் கவ்விக்கும் ஒயருக்கும் ஒரே உலோகத்தைப் பயன்படுத்துங்கள். முடுக்கியபின் கிரீஸ் பூசி, அரிப்பைத் தடுக்கும் டேப்பைச் சுற்றி, திறந்து பார்க்கும்படி மூடி போட்ட சிறு தொட்டிக்குள் வையுங்கள். சிமென்ட் பூசி நிரந்தரமாக மூடிவிடாதீர்கள்.

ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் பல்பைப் பிடித்து, அது பிரகாசமாக எரிந்தால் எர்த் நன்று என்று சொல்வோர் உண்டு. அந்தப் பல்பு எரியத் தேவையானது அரை ஆம்பியருக்கும் குறைவு. எர்த் 50 ஓம் இருந்தாலும் இழப்பது 20 வோல்ட் அளவுதான். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. எர்த் டெஸ்டர் கருவியால் அளந்து, வந்த எண்ணைத் தேதியோடு பெட்டிக் கதவின் உட்புறம் எழுதச் சொல்லுங்கள். மழை ஓய்ந்த பிறகு எடுத்த அளவைவிட, சித்திரை வெயிலில் எடுத்த அளவே நம்பத்தக்கது.

முதன்முறை மின்சாரம்

எல்லா முனைகளும் முடிந்தபின், சாதனங்களையும் ஆர்.சி.சி.பி.யையும் பிரித்து வைத்துவிட்டு, வயர்மேன் 500 வோல்ட் மெகரால் ஒயர்களுக்கு இடையிலும் எர்த்துக்கும் இன்சுலேஷன் பார்ப்பார். 1 மெகா ஓம் என்பது கடைசி எல்லை. புதிய ஒயரிங் அதைவிடப் பல மடங்கு காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால், எங்கோ ஆணியோ ஈரமோ இருக்கிறது என்று பொருள். பிறகு பிரித்தவற்றைச் சேர்த்து, மெயினில் உள்ள 25 ஆம்பியர் எம்.சி.பி.யை ஏற்றி, ஐசொலேட்டரின் உள்முனையில் அளவு பாருங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே சுமார் 230 வோல்ட், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறக்குறைய அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே சில வோல்ட் மட்டும் வர வேண்டும். சரியாக இருந்தால் ஐசொலேட்டர், ஆர்.சி.சி.பி., பிறகு எம்.சி.பி.கள் ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். அது உடனே விழ வேண்டும். அந்தப் பொத்தான் சோதிப்பது ஆர்.சி.சி.பி.யை மட்டுமே, உங்கள் எர்த்தை அன்று. ஏ.சி.யும் மோட்டாரும் ஒன்றாக அரை மணி நேரம் ஓடட்டும். பிறகு கதவை மூடிய நிலையிலேயே பெட்டியின் மேல் கையை வைத்துப் பாருங்கள். ஓரிடம் மட்டும் சூடாக இருந்தால், அணைத்துவிட்டு அந்த முனையைத் திறந்து பாருங்கள்.

ஒவ்வொரு எம்.சி.பி.க்கும் கீழே அது எதற்கு என்று தமிழில், அழியாத மையில் எழுதுங்கள். வீட்டில் உள்ள அனைவருக்கும் ஐசொலேட்டரை அணைக்கக் காட்டிக்கொடுங்கள். யாருக்காவது ஷாக் அடித்து ஒட்டிக்கொண்டால் அவரைத் தொடாமல் முதலில் அதை அணைத்து, பிறகு 108-ஐ அழைக்க வேண்டும் என்பதைச் சிறுவர்களுக்கும் சொல்லுங்கள்.

ஒரு மாதம் கழித்து, மெயினை அணைத்து மீண்டும் மீட்டரால் உறுதி செய்துகொண்டு, எல்லாத் திருகுகளையும் ஒருமுறை முடுக்கிப் பாருங்கள். மெல்லிய இழைகள் அமுங்கிச் சற்றுத் தளர்ந்திருக்கும். டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். வாடை ஓய்ந்து தை பிறந்ததும் பெட்டியையும் எர்த் தொட்டியையும் திறந்து பாருங்கள். செம்பில் பச்சையோ துத்தநாகம் பூசிய இரும்பில் வெள்ளைப் பொடியோ தெரிந்தால் அந்த இணைப்பைக் கழற்றி, சுத்தம் செய்து, முனையைப் புதிதாக வெட்டி, மறுபடி கிரீஸ் பூசி முடுக்குங்கள். வயர்மேனை அழைத்து எர்த்தை அளந்து, கதவின் உட்புறம் சென்ற ஆண்டு எழுதிய எண்ணுக்குக் கீழே புதிய எண்ணையும் தேதியையும் எழுதி வையுங்கள்.